நாயகன் சரியும் கதை: தொடர்நாடகம் எழுத முனைவோருக்கு

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு தீபாவளிக்கு முந்திய வாரம், கோலாலம்பூரின் செந்தூலில் இருந்த எங்கள் வீட்டுக்கு மஞ்சள் கண்ணாடித்தாள் சுற்றிய ஹம்பர், அதாவது பரிசுக் கூடை, ஒன்று வந்து சேர்ந்தது. அப்பா அப்போது ஓர் அலுவலகத்தில் பொருள் கொள்முதல் பிரிவில் எழுத்தராக இருந்தார். ஹம்பரை அனுப்பியவர் அந்த அலுவலகத்துக்குச் சரக்கு விற்பவர். ஓர் இரவு முழுவதும் அது எங்கள் சாப்பாட்டு மேசையின் மேல் இருந்தது. அம்மா அதைத் தொடவில்லை. மேசையை மட்டும் இரண்டு முறை துடைத்தார். நானும் தங்கையும் கண்ணாடித்தாள் வழியே பிஸ்கட் டின்களை எண்ணிக்கொண்டிருந்தோம். விடிந்ததும் அப்பா அதைத் தம் கப்சாய் எனும் சிறு மோட்டார்சைக்கிளின் பின்னிருக்கையில் கயிற்றால் கட்டி எடுத்துச்சென்று, திருப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். வந்த அன்றே அவர் அதைத் திருப்பி அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. ஊழலில் வீழும் ஒருவனை நாயகனாக வைத்துத் தொலைக்காட்சித் தொடர் எழுத விரும்புகிறவர், ஹம்பர் மேசைமேல் இருந்த அந்த இரவிலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

கோலாலம்பூரில் புதிதாக எழுத வரும் இளைஞர்கள் என்னிடம் படிக்கத் தரும் கதைச்சுருக்கங்களில், நேர்மையான நாயகன் பெரும்பாலும் ஒரே அங்கத்தில் கெட்டுப்போய்விடுகிறான். பிள்ளைக்கு அறுவைச் சிகிச்சை, கையில் பணமில்லை, ஒருவர் பையை நீட்டுகிறார், இவன் கண்ணீரோடு வாங்கிக்கொள்கிறான். அடுத்த அங்கத்தில் கறுப்புக் கண்ணாடியும் பெரிய காரும் வந்துவிடுகின்றன. பையை வாங்கும் காட்சியில் அவன்மீது குற்றமே இல்லை, ஏனென்றால் பிள்ளை சாகக் கிடக்கிறது; கறுப்புக் கண்ணாடி அணிந்த காட்சியில் அவன் நாம் பழகிய மனிதனே இல்லை, ஏனென்றால் வில்லன் ஒருவன் அவன் சட்டைக்குள் புகுந்துவிட்டான். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கதை இருக்கிறது, அதை எழுதாமல் தாண்டிவிடுகிறோம். பார்க்கிறவர் எந்தக் காட்சியிலும் ‘நானாக இருந்தால் இந்த இடத்தில் நிறுத்தியிருப்பேன்’ என்று உறுதியாகச் சொல்ல முடியாதபடி, ஒவ்வொரு அடியும் முந்திய அடியைவிட ஒரு விரற்கடை மட்டுமே கீழே இருக்கும்படி எழுதுவதே இந்த வேலையின் கடினம். அதற்கான வழிகளை, நான் தவறிக் கற்றுக்கொண்டவற்றையும் சேர்த்து, கீழே சொல்கிறேன்.

அவன் கையெழுத்து எங்கே செல்லும்

முதலில் நாயகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். ‘பெரிய அதிகாரி’ என்பது வேலை ஆகாது. அவன் கையெழுத்துப் போட்டால் என்ன நடக்கும், போடாவிட்டால் யாருக்குப் பணம் நிற்கும் என்பது உங்களுக்கே தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கு ஒருவனை உருவாக்கிக்கொள்வோம். பெயர் லோகநாதன். வயது முப்பத்தெட்டு. தந்தை செந்தூல் இரயில்வே பட்டறையில் வேலை பார்த்து இறந்தவர். இவன் பாலிடெக்னிக்கில் கட்டுமானம் படித்து, கற்பனையான ஒரு நகராண்மைக் கழகத்தில் சாலைப் பணிகளை மேற்பார்வையிடும் தொழில்நுட்ப உதவியாளனாகச் சேர்ந்தவன். குத்தகையாளர் சாலையில் பிரிமிக்ஸ் எனும் கல் கலந்த புதிய தாரை விரித்து முடித்த பின், குறிப்பிட்ட கனம் இருக்கிறதா என்று சோதித்து இவன் கையெழுத்திட்டால்தான் பணம் வெளியாகும்.

இந்த வேலையை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அதில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருள் இருக்கிறது. சாலையின் கனத்தை அறிய, இயந்திரத்தால் துளையிட்டு உருளை வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுத்து அளப்பார்கள். அந்தத் துண்டு கைக்கு அடக்கமானது, கறுத்தது, கனமானது. முதல் அங்கத்தில் லோகநாதன் அதை அளவுகோலில் வைத்து 50 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்க்கிறான். பத்தாவது அங்கத்தில், எந்த இடத்தில் துளையிட வேண்டும் என்பதைக் குத்தகையாளரே முன்கூட்டிச் சொல்கிறார். இருபதாவது அங்கத்தில் துளையே இடப்படவில்லை. பழைய வேலை ஒன்றின் துண்டு அலுவலக அலமாரியிலிருந்து எடுத்துவரப்படுகிறது. ஒரு வசனமும் இல்லாமல் அவன் எங்கே வந்து நிற்கிறான் என்பது பார்வையாளருக்குப் புரிந்துவிடும்.

கணக்கையும் நீங்களே போட்டுப் பாருங்கள், ஏனென்றால் எழுதுகிறவருக்குத் தொகை தெரியாவிட்டால் பாத்திரங்களின் பேராசை காற்றில் நிற்கும். ஒரு கிலோமீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள சாலையில் 50 மில்லிமீட்டருக்குப் பதிலாக 35 மில்லிமீட்டர் மட்டுமே போட்டால், 105 கன மீட்டர் பிரிமிக்ஸ் மிச்சமாகிறது. எடையில் ஏறத்தாழ 240 டன். அவ்வளவு லாரிகள் வராமலேயே வந்ததாகக் கணக்கு எழுதப்படுகிறது. அந்தப் பணத்தில் லோகநாதனுக்குக் கிடைப்பது சிறு துளி என்பதும் கதைக்கு உதவும். எவ்வளவு பெரிய தொகையைத் தான் எவ்வளவு மலிவாக விட்டுக்கொடுத்தான் என்று அவன் ஒருநாள் உணரும்போது, வெட்கப்படுவதற்குப் பதிலாகத் தன் பங்கை உயர்த்திக் கேட்கத் தோன்றும். அந்தக் காட்சியை அவசரப்பட்டு முதல் பாதியில் செலவழித்துவிடாதீர்கள்.

தேவை தீர்ந்த பிறகு என்ன செய்கிறான்

நாயகனுக்கு ஒரு தேவை இருக்கட்டும். தங்கையின் திருமணக் கடனோ, அம்மாவின் சிறுநீரகச் சிகிச்சையோ எதுவாக இருந்தாலும் சரி. ஆனால் அந்தத் தேவையைத் தொடரின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் தீர்த்துவிடுங்கள். கடன் அடைந்துவிட வேண்டும், அம்மா வீடு திரும்பிவிட வேண்டும். அதன் பிறகும் அவன் நிறுத்தவில்லை என்றால், அன்றுதான் உங்கள் கதை தொடங்குகிறது.

இதற்கு உலகறிந்த முன்மாதிரி ஒன்று உண்டு. 2008 முதல் 2013 வரை 62 அங்கங்களாக வந்த அமெரிக்கத் தொடரான ‘பிரேக்கிங் பேட்’டின் நாயகன், நுரையீரல் புற்றுநோய் கண்ட ஒரு வேதியியல் ஆசிரியர்; குடும்பத்துக்குப் பணம் சேர்க்க வேண்டும் என்று போதைப்பொருள் தயாரிப்பில் இறங்குகிறார். முதல் பருவத்திலேயே அவருடைய பழைய கூட்டாளிகளான செல்வந்தத் தம்பதியர் சிகிச்சைச் செலவு முழுவதையும் ஏற்க முன்வருகிறார்கள். அவர் மறுக்கிறார். மறுத்துவிட்டு, அவர்களே பணம் தருவதாக மனைவியிடம் பொய்யும் சொல்கிறார். காப்பாற்றும் கை நீண்டு வந்தும் அவர் அதைப் பற்றவில்லை என்பதால், இனிமேல் ‘குடும்பத்துக்காக’ என்று அவர் சொல்லும் ஒவ்வொரு முறையும் நாம் அதை வேறு காதால் கேட்கிறோம். இந்த அமைப்பை நகலெடுக்க வேண்டாம். ஆனால் உங்கள் நாயகனுக்கும் மானத்தோடு வெளியேறக்கூடிய ஒரு கதவை உண்மையாகவே திறந்து வையுங்கள். லோகநாதனுக்கு அந்தக் கதவு, மைத்துனர் தர முன்வரும் வட்டியில்லாக் கடனாக இருக்கலாம். அதை அவன் ஏன் மறுக்கிறான்? மைத்துனர் வீட்டு விசேஷங்களில் இனிமேல் தான் பின்வரிசையில் உட்கார வேண்டியிருக்கும் என்பதற்காக.

இங்கேதான் நம் மக்களிடையே இந்தக் கதை வேறு மாதிரி நடக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நான் பார்த்த அளவில், நம்மவர்களில் பணத்தைப் பணமாகவே காதலித்துக் கெட்டுப்போனவர்கள் மிகக் குறைவு. மரியாதைக்கு ஏங்கிக் கெட்டவர்கள்தாம் அதிகம். தோட்டத்திலும் இரயில்வே குடியிருப்பிலும் ‘டேய்’ என்று அழைக்கப்பட்ட தந்தையின் மகன், நான்கு பேர் எழுந்து நின்று வணக்கம் சொல்வதை ஒருமுறை அனுபவித்துவிட்டால், அதை இழக்கச் சம்மதிக்க மாட்டான். ஆகவே லோகநாதனின் பேராசையைக் காட்டப் பெரிய வீட்டையும் விலையுயர்ந்த கைக்கடிகாரத்தையும் தேடிப் போக வேண்டாம். ஆலயத் திருவிழாவில் ஒருநாள் உபயத்தை அவன் ஏற்கிறான். குருக்கள் அவனுக்குப் பரிவட்டம் கட்டுகிறார். அழைப்பிதழில் அவன் பெயர் கீழ் வரிசையிலிருந்து மேலே நகர்கிறது. தமிழ்ப்பள்ளிக்கு மின்விசிறிகள் வாங்கித் தருகிறான், நண்பனின் தாயாருடைய ஈமச் செலவை ஏற்கிறான். இவை எல்லாம் நல்ல காரியங்கள், அவனும் உண்மையான அன்போடுதான் செய்கிறான். கொடுக்கும் கையாக இருப்பதற்காக வாங்கும் கையாகிறான். பார்வையாளர் அவனை வெறுக்க முடியாமல் திணற வேண்டும் என்றால், அவனுடைய கெடுதலை அவனுடைய நற்குணத்திலிருந்தே முளைக்க விடுங்கள்.

இதற்கு எதிரிடையாக அவனுடைய தந்தையை வையுங்கள். மாதம் இரண்டு வெள்ளி (ரிங்கிட்) ஆலய நிதிக்குக் கொடுத்துவந்த அவருடைய பெயர் எந்தச் சுவரிலும் எழுதப்படவில்லை. இதை முதல் அங்கத்திலேயே, யாரும் கவனிக்காத ஒரு வரியில், அம்மாவின் வாயால் சொல்லிவிடுங்கள்.

ஐந்து வினைச்சொற்கள்

சரிவின் படிகளை அமைக்க நான் கையாளும் முறை எளியது. ஒரு தாளில் ஐந்து வினைச்சொற்களை எழுதுகிறேன்: கொடுத்தார்கள், வாங்கினான், எதிர்பார்த்தான், கேட்டான், பறித்தான். ஒவ்வொரு காட்சியும் இவற்றில் எந்தச் சொல்லுக்குக் கீழ் வருகிறது என்று குறித்துக்கொள்கிறேன். பெரும்பாலான வரைவுகளில் ‘வாங்கினான்’ என்பதிலிருந்து ‘பறித்தான்’ என்பதற்குத் தாவிவிடுகிறோம். ‘எதிர்பார்த்தான்’ என்ற சொல்லுக்குக் கீழ் மூன்று காட்சிகளாவது இருக்க வேண்டும் என்பது என் கட்டாயம், ஏனென்றால் மனிதன் மாறுவது அங்கேதான். தீபாவளிக்கு ஹம்பர் வரவில்லை. போன வருடம் வந்ததே என்று மனைவி இயல்பாகக் கேட்கிறார். ‘வேலை அதிகமா இருக்கும்’ என்று அவன் பதில் சொல்கிறான், ஆனால் அன்று மாலை கட்டுமான இடத்தில் குத்தகையாளரிடம் வழக்கத்தைவிடக் கடுமையாகப் பேசுகிறான். தான் ஏன் கோபப்படுகிறோம் என்று அவனுக்கே தெரியாது. நமக்குத் தெரியும்.

‘கொடுத்தார்கள்’ என்ற முதல் படியைப் பற்றி ஒரு சட்டச் செய்தி உங்களுக்குப் பெரிதும் உதவும். 2009ஆம் ஆண்டின் மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, கையூட்டு கொடுக்கப்பட்டாலோ, கொடுப்பதாகச் சொல்லப்பட்டாலோ, அதைப் பெறவிருந்தவர் அதிகாரிகளிடம் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். அதற்கு 100,000 ரிங்கிட் வரை அபராதமோ 10 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அதாவது லோகநாதன் முதல் உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ‘பாவம், வயசானவரு, போகட்டும்’ என்று வாயை மூடிக்கொண்டிருந்தால், நல்லவனாக இருந்த அந்த நாளிலேயே சட்டத்தின் முன் அவன் தவறியவன். இரண்டாம் முறை வரும்போது குத்தகையாளர் இதை மிரட்டலாகச் சொல்ல வேண்டியதில்லை. மாமாக் உணவுக்கடையில் தே தாரிக் தேநீரை ஆற்றிக்கொண்டே, ‘அன்னைக்கே நீங்க சொல்லியிருக்கலாம் தம்பி, சொல்லல. உங்க மனசு எனக்குத் தெரியும் லா’ என்று அன்பாகச் சொன்னால் போதும். இரக்கப்பட்டதே அவன் கழுத்தில் விழுந்த முதல் கயிறு. இந்தச் செய்தியை அறிந்த நாளில், நான் எழுதிவைத்திருந்த ஒரு தொடரின் முதல் நான்கு அங்கங்களைக் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதினேன்.

‘கேட்டான்’ என்பது நடுத்தூண். இதுவரை எல்லாம் தானாக வந்தது. இன்று முதன்முறையாக அவன் வாய் திறக்கிறான். இந்தக் காட்சிக்கு நிறைய நேரம் கொடுங்கள். அவன் தொகையைச் சொல்லாமல் சொல்லத் திணற வேண்டும். மகளின் கல்லூரிக் கட்டணத்தைப் பற்றிப் பேச வேண்டும், மழையைப் பற்றிப் பேச வேண்டும், ‘காப்பி காசு’ என்று பாதி விளையாட்டாகச் சொல்ல வேண்டும். குத்தகையாளர் புரிந்தும் புரியாதவர் போல அவனை முழு வாக்கியத்தையும் சொல்ல வைக்க வேண்டும். அந்த வாக்கியம் வெளியே வந்தபின் இருவருக்கும் இடையிலான உறவு ஒருபோதும் பழையபடி இராது.

‘பறித்தான்’ என்பதற்கு ஒரு நேர்மையான சிறு குத்தகையாளர் வேண்டும். அவர் 50 மில்லிமீட்டர் போடுகிறார், கொடுக்க மாட்டேன் என்கிறார். லோகநாதன் அவருடைய கோப்பை மேசையிலேயே கிடக்க விடுகிறான். வேலையை முடித்தும் மாதக்கணக்கில் பணம் வராத சிறு குத்தகையாளர் ஒருவருடைய வீட்டில் என்ன நடக்கும் என்பதைச் சற்று நின்று எழுதுங்கள்: தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்க அடகுக்கடைக்குப் போகும் நகை, தவணை கட்டாமல் இழுத்துச் செல்லப்படும் லாரி. ஊழல் என்பது இரண்டு பேருக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல் என்று தோன்றும் மயக்கம் இங்கேதான் கலைகிறது.

யார் யாரை எப்படி அழைக்கிறார்கள்

தமிழில் எழுதுகிறவருக்கு வாய்த்த ஒரு வசதியைப் பலர் பயன்படுத்துவதில்லை. நம் மொழியில் ஒருவரை அழைக்கும் சொல்லே உறவின் உயரத்தைக் காட்டிவிடும். ஐம்பத்தைந்து வயதுக் குத்தகையாளர் முதலில் லோகநாதனைத் ‘தம்பி’ என்கிறார், இவன் அவரை ‘அண்ணே’ என்று அழைத்து ‘வாங்க, போங்க’ என்கிறான். கையெழுத்தின் மதிப்பு கூடக்கூட அவர் ‘சார்’ என்று மாறுகிறார். பிறகு பிறர் முன்னிலையில் ‘நம்ம லோகா’ என்று தோளில் கைபோடுகிறார். அது அன்பு போலத் தெரியும் உடைமை. இவன் பக்கத்தில் ‘அண்ணே’ குறைந்து, பெயர் சொல்லாமல் பேசுவதாகி, கடைசியில் தன்னைவிடப் பதினேழு வயது மூத்தவரை ‘நீ’ என்று சொல்லிவிடுகிறான். அந்த ‘நீ’யைத் தொடர் முழுவதிலும் ஒரே ஒரு முறை வையுங்கள். அதைக் கேட்டதும் அவனுடைய அம்மாவின் முகத்தை ஒளிப்பதிவாளர் காட்டினால், நீங்கள் வேறு எதுவும் எழுத வேண்டியதில்லை.

அந்த அம்மா இவனை எப்போதும் ‘சாமி’ என்றுதான் அழைப்பார்: ‘சாமி, சாப்டியா?’ ஓர் அங்கத்திலிருந்து அவர் அந்தச் சொல்லை நிறுத்திவிடுகிறார். ஏன் என்று யாரும் விளக்கக் கூடாது.

வீட்டுக்குள் பணம்

கையூட்டாக வரும் பணம் பெரும்பாலும் ரொக்கம். ரொக்கத்துக்கு எடையும் பருமனும் உண்டு; வீட்டில் அதற்கு ஓர் இடம் வேண்டும். திரைக்கதையில் இதை மறந்துவிட்டு ‘லஞ்சம் வாங்கிப் பணக்காரனானான்’ என்று தாண்டிப் போகிறோம். அரசுப் பணியாளர் தம் சொத்துகளை அறிவிக்க வேண்டும், பெறும் பரிசுகளுக்கும் கட்டுப்பாடு உண்டு என்று 1993ஆம் ஆண்டின் நடத்தை, கட்டொழுங்கு விதிமுறைகள் சொல்கின்றன. ஆகவே லோகநாதனால் பளிச்சென்று செலவு செய்ய முடியாது. முதலில் அரிசித் தொட்டிக்குள் ஒரு மைலோ டின், பிறகு சாமியறைப் படத்துக்குப் பின்னால் ஓர் உறை. மனைவி அறையைச் சுத்தம் செய்யும் நாளில் அவன் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கிறான்.

மனைவியை அப்பாவியாக எழுதிவிடாதீர்கள். அவர் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மாதச் சம்பளம் எவ்வளவு, வீட்டுக்கடன் எவ்வளவு என்று கணக்கு நோட்டில் எழுதுகிறவர். அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அப்படியானால் அவர் எந்த நாளில் கேட்காமல் விடுகிறார்? மசூதி இந்தியா சாலையில் புடவைக் கடையில் நிற்கும் ஒரு காட்சியை நான் பரிந்துரைக்கிறேன். அவர் வழக்கமான விலையில் ஒன்றை எடுக்கிறார். அவன் அதைத் திருப்பி வைத்துவிட்டு மூன்று மடங்கு விலையில் இன்னொன்றை எடுத்துத் தருகிறான். அவர் விலைச்சீட்டைப் பார்க்கிறார், அவனைப் பார்க்கிறார், பிறகு கடைக்காரப் பெண்ணிடம், ‘இதையே கட்டிக் குடும்மா’ என்கிறார். அன்று இரவு கணக்கு நோட்டில் அந்தச் செலவு எழுதப்படவில்லை. இந்த எழுதப்படாத வரியைப் பின்னால் விசாரணையின்போது பயன்படுத்திக்கொள்ளலாம்.

பாதிக்கப்படுகிறவர் யார்

மெலிந்த சாலை சில மழைக்காலங்களில் பெயர்ந்து குழியாகிறது. இந்நாட்டில் சாலை விபத்துகளில் இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார்சைக்கிளில் சென்றவர்கள் என்பதால், அந்தக் குழியில் விழப்போகிறவர் யார் என்பதை நீங்கள் தேட வேண்டியதில்லை. ஆனால் எழுத்தாளர்கள் இந்த இடத்தில் ஒரு பெரிய தவறு செய்கிறார்கள், அதை நானும் செய்திருக்கிறேன்: நாயகனின் சொந்த மகனை அந்தக் குழியில் விழ வைப்பது. பார்வையாளர் அழுவார்கள். ஆனால் அந்த நொடியில் நாயகன் குற்றவாளியாக இருப்பதை விட்டுவிட்டுத் துயரப்பட்ட தந்தையாகிவிடுகிறான். அவனுக்கு ஆறுதல் சொல்ல எல்லோரும் வந்துவிடுகிறார்கள். நம் கதைகள் நீண்ட காலமாக இந்தக் குறுக்குவழியைப் பிடித்துக்கொண்டிருப்பதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

விழுகிறவன் லோகநாதனுக்கு எந்த உறவும் இல்லாதவனாக இருக்கட்டும். உணவு விநியோகம் செய்யும் ஓர் இளைஞன், மழை இரவு, தண்ணீர் நிறைந்த குழி. லோகநாதன் காலையில் அலுவலகத்தில் அந்தச் சாலையின் பெயரைக் கேட்கிறான். கோப்பை எடுத்துத் தன் கையெழுத்தைப் பார்க்கிறான். பிறகு, ஆலயத்தில் அன்னதானம் நடக்கும் ஒரு வெள்ளிக்கிழமை, அந்த இளைஞனின் தாயார் வரிசையில் தட்டேந்தி நிற்கிறார். யாரோ அவரை அறிமுகப்படுத்துகிறார்கள். மகனின் ஈமச் செலவுக்கு லோகநாதன் உதவியதாகச் சொல்லி அந்த அம்மா கையெடுத்துக் கும்பிடுகிறார். அவனால் அந்த வணக்கத்தைத் தடுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது. இத்தனை அங்கங்களாக எந்த மரியாதைக்காக ஏங்கினானோ, அதே மரியாதை இப்போது அவன் முன் வந்து நிற்கிறது. நான் எழுதியவற்றுள் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதிய காட்சி இதுதான். ஒவ்வொரு முறையும் வசனத்தைக் குறைத்தேன்.

ஆரஞ்சு நிறச் சட்டை

கைதுக்குப் பல வழிகள் உண்டு, எனினும் வானத்திலிருந்து வரும் அதிகாரியைவிட அவன் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த இளைய எழுத்தர் ஒருவர் தகவல் கொடுப்பதே பொருத்தம். 2010ஆம் ஆண்டின் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் அமலாக்க அமைப்புகளிடம் முறையாகத் தெரிவிப்பவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. அந்தப் பெண் தன்னால் முன்னுக்கு வந்தவள் என்று லோகநாதன் நினைத்துக்கொண்டிருந்தால், காட்சி இன்னும் கூர்மையாகும். கதை நடக்கும் ஆண்டையும் முடிவு செய்துகொள்ளுங்கள். 2020 ஜூன் 1 முதல் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு நடைமுறைக்கு வந்ததால், தன் சார்பில் யாரேனும் கையூட்டுக் கொடுத்தால் நிறுவனமும் அதன் இயக்குநர்களும் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பிந்திய கதையில், நேற்றுவரை தோளில் கைபோட்ட குத்தகையாளர் தம்மைக் காத்துக்கொள்ள எல்லாவற்றையும் லோகநாதன் தலையில் கட்டுவதற்கு வலுவான காரணம் இருக்கும்.

தண்டனையைப் பொறுத்தவரை மிகைப்படுத்தத் தேவையில்லை, சட்டமே போதுமான அளவு கடுமையானது. கையூட்டுப் பெற்ற குற்றத்துக்கு 20 ஆண்டு வரை சிறையும், பெற்ற தொகையின் ஐந்து மடங்குக்குக் குறையாத அபராதமும் உண்டு; அந்த ஐந்து மடங்கு 10,000 ரிங்கிட்டை எட்டாவிட்டால் 10,000 ரிங்கிட் அபராதம். பணம் கைமாறியது உறுதியானால், அது ஊழல் நோக்கத்தோடு பெறப்பட்டதென்றே அனுமானிக்கப்படும். இல்லை என்று காட்டுவது அவன் பொறுப்பு. லோகநாதன் மொத்தம் 180,000 ரிங்கிட் வாங்கியிருந்தால் அபராதம் 900,000 ரிங்கிட்டுக்குக் குறையாது. மனைவியின் கணக்கு நோட்டில் அந்தப் பெருக்கலை அவருடைய கையெழுத்திலேயே காட்டுங்கள்.

தடுப்புக் காவல் ஆணை பெற, ஆணையத்தின் ஆரஞ்சு நிறச் சட்டையில் நீதிமன்றத்துக்கு நடத்திச் செல்லப்படும் படம் இந்நாட்டில் எல்லோரும் பத்திரிகையில் பார்த்துப் பழகியது. பரிவட்டம் கட்டிய தலையையும் அந்தச் சட்டையையும் அடுத்தடுத்து வெட்டிக் காட்ட இயக்குநர் விரும்பக்கூடும். அப்படிக் காட்ட வேண்டாம் என்று நான் வாதாடுவேன். பார்வையாளர் அதைத் தாமாகவே நினைத்துக்கொள்வார்கள். நாம் காட்டினால் நினைக்க விடாமல் செய்துவிடுவோம். அதற்குப் பதிலாக, முன்னாள் தோட்டத் தொழிலாளியான அவன் அம்மா, புத்ராஜெயாவில் நீதிமன்ற வாசலில் வெயிலில் நின்று, மகனுக்காகக் கட்டிக் கொண்டுவந்த சோற்றுப் பொட்டலத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ஒவ்வொரு சீருடையாளரையும் ‘ஐயா, ஐயா’ என்று அழைப்பதைக் காட்டலாம்.

கடைசி அங்கத்தைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள், அவன் திருந்த வேண்டுமா என்றே முதலில் கேட்கிறார்கள். சிறையில் அழுது திருந்தும் காட்சியை நான் எழுதுவதில்லை, ஏனென்றால் அது அவனைப் பார்வையாளரின் பிடியிலிருந்து விடுவித்துவிடுகிறது. மாறாக, ஆலயத்துக்குத் திரும்பிப் போங்கள். அவன் பணத்தில் கட்டிய மண்டபச் சுவரில் கறுப்புப் பளிங்கில் ‘உபயம்’ என்று பொறித்து, கீழே அவன் பெயரும் இருக்கிறது. நிர்வாகக் குழு கூடிப் பேசுகிறது. எடுத்துவிட வேண்டும் என்கிறார் ஒருவர். எடுத்தால் சுவர் பெயரும், செலவு யார் தருவது என்கிறார் இன்னொருவர். மண்டபத்தையே இடிக்கவா போகிறோம் என்கிறார் மூன்றாமவர். முடிவு எட்டாமல் கூட்டம் கலைகிறது. மறுநாள் காலை கோயிலைப் பெருக்கும் முதியவர் ஒருவர், அந்தப் பளிங்கின் மேல் நாட்காட்டி ஒன்றை மாட்டிவிட்டு, அது நேராகத் தொங்குகிறதா என்று சற்றுப் பின்னால் நகர்ந்து நின்று பார்க்கிறார்.